மின்விசிறியின் சத்தத்துக்குள் ஒரு கிட்டார்

டக்... டக்... டக்...

அப்பாவின் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை அப்படித் தட்டும். ஜன்னல்கள் சாத்தியிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர் பிற்பகல் இரண்டு மணிவரை உறங்குவார். நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவருக்கு இந்தப்புறம் கிட்டாரோடு நான். படிப்பு முடித்து வீட்டிலிருந்த காலம்.

விதி ஒன்றே. கிட்டாரின் ஒலி மின்விசிறியின் ஒலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், "எவ அவ? தூக்கிப் பரண்ல போடு அத!" என்று உள்ளிருந்து குரல் வரும். ஒரு வாரம் கிட்டார் பரணில் கிடக்கும்.

எனவே தந்தியை மீட்டும் சிறு வில்லையான பிக்கை, கீழே விழாத அளவுக்கு மட்டும் பிடிக்கப் பழகினேன். அதன் நுனி மட்டுமே தந்தியைத் தொடும். தோள் தளர்ந்திருக்கும், மணிக்கட்டு மட்டும் அசையும். கையை இறுக்கினால் தந்தி அறையும், அப்பா விழித்துவிடுவார். ஒவ்வொரு டக்குக்கும் இரண்டு மீட்டு... கீழே ஒன்று, மேலே ஒன்று. மார்கழியில் ரெகுலேட்டர் ஒன்றில் இருக்கும், நிதானமாக வாசிப்பேன். வெயில் ஏற ஏற இரண்டு, மூன்று... சித்திரையில் ஐந்து. என் வேகத்தைக் கூட்டியது அப்பாவின் வியர்வை.

டவுன்ஷிப் கிளப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த மாஸ்டரின் கொள்கை நேர்மாறானது. "கை இரும்பாட்டம் இருக்கணும்!" பையன்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பார்கள், தோள்கள் காதைத் தொடும். ஆண்டுவிழாவில் தனியாக வாசிப்பது யார் என்று தேர்வு வைத்தார். மிக வேகமான பகுதியைப் பிசகாமல் வாசித்தவள் நான் ஒருத்திதான்.

"சுத்தமாத்தான் இருக்கு. சத்தம் எங்கம்மா? பொம்பளப் புள்ளைக்கு ஃபோர்ஸ் பத்தாது."

"மைக் இருக்கே சார்."

"மைக் வாசிக்கிறதா, நீ வாசிக்கிறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாய்ப்பு ஒரு பையனுக்குப் போயிற்று. எனக்குப் பின்வரிசை நாற்காலி.

விழாவன்று வேகப் பகுதியின் பாதியிலேயே அவன் கை பிடித்துக்கொண்டது. விரல்கள் விறைத்து நின்றன. மாஸ்டர் திரும்பி என்னைக் கண்ணால் கெஞ்சினார். வாசித்தேன். மிச்சம் முழுவதையும். ஒரு சுரம் பிசகவில்லை... மைக் அவன் முன்னால் நின்றது. அதை நகர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீடு திரும்பும் வழியில் அப்பா கேட்டார். "என்னம்மா, நீ வாசிச்சது ஒண்ணுமே கேக்கலயே?"

"கேக்கக் கூடாதுன்னுதானப்பா பழகினேன்."

அதன்பின் நான் மேடை ஏறவில்லை.

இதை இன்று எழுதக் காரணம் இருக்கிறது. நம் பழைய குவார்ட்டர்ஸ் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பிக்கைத் தளர்வாகப் பிடியுங்கள், வேகம் தானே வரும் என்று ஓர் இளைஞர் தம் கண்டுபிடிப்பைப் போலச் சொல்கிறார். அதன் கீழே நம் தோழி ஒருவர், "நம்ம காலத்துல பிளாக்கே எவ்ளோ அமைதியா இருக்கும்!" என்று உருகியிருக்கிறார். அமைதியாம்! வீட்டுக்கு வீடு யார் வாயைப் பொத்தி அந்த அமைதியைத் தயாரித்தார்கள் என்று அந்த அம்மையார் ஒருநாளாவது யோசித்ததுண்டா?

இப்போது டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் சொந்த வீடு. என் மின்விசிறி சத்தமே போடுவதில்லை. அந்த வரியைப் படித்த ஆத்திரத்தில் நேற்று முற்பகல் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து முழு ஒலியில் வாசித்தேன். கை அதே தளர்வில்தான் இருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பத்தே நிமிடம். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. அவரு மைன்ஸ்ல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கிக்கினு இருக்காரு..."

"பகல்ல, என் வீட்டுல..." என்று சீறத் தொடங்கியவள், வேறொன்றைக் கேட்டேன். "ஸ்கூல் லீவாச்சே, உன் பொண்ணு என்ன பண்றா?"

"சத்தம் போடாம ஒரு மூலையில ஒக்காந்துகினு இருக்காம்மா. அவளுக்குப் பழகிடுச்சி."

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். தூங்குகிறவர் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் விழித்தால் எரிச்சல் யார்மேல் விழும் என்பது எனக்குத் தெரியும்.