பரிமளம் காட்டிய ஆறு

பரிமளம் ஒரு பயந்தாங்கொள்ளி என்பது தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் எல்லோருக்கும் தெரியும். கிணற்றில் வாளியை இறக்குமுன் கயிற்று முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள். இடி இடித்தால் அலுமாரிக்குப் பின்னால் போய் நிற்பாள். அடுப்பு அணைந்த பிறகும் குசினிக்குள் போய்ச் சாம்பலில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாயில் படுப்பாள். "இவளுக்கு நிழலும் கடிக்கும்" என்று தகப்பன் ஐயாத்துரை சொல்லுவார். அவர் புகையிலைத் தோட்டக்காரர். நான்கு பிள்ளைகளில் இவள் மூன்றாவது. படிப்பில் மட்டும் யாருக்கும் பின்னால் நின்றதில்லை.

1966இல், இருபத்தொரு வயதில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குத் தெரிவானாள். ஊரே சந்தோஷப்பட்டது. அவளுக்கோ அன்றிரவு காய்ச்சல் வந்துவிட்டது.

கலாசாலையில் கற்பித்தல் சாதனங்கள் பற்றிப் படிப்பித்தவர் தில்லைநாதன். இங்கிலாந்தில் ஒரு வருஷம் இருந்து வந்தவர். அவருடைய வெள்ளை லோங்ஸ் காற்சட்டையின் மடிப்புக் குலையாது. வரும்போது ஒரு புறொஜெக்டரும் கொண்டு வந்திருந்தார். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென்றே செய்யப்பட்டது அது. பெற்றோமாக்ஸ் விளக்கைப் போல மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, மென்டில் என்ற வலைத்திரியை எரியவைக்க வேண்டும். அந்த வெளிச்சத்தின் முன்னால் படச்சுருளைச் செருகித் திருகினால் எதிரிலுள்ள வெள்ளைத் துணியில் ஒவ்வொரு படமாக விழும். "இனி வருகிற ஆசிரியர் வெண்கட்டியோடை மட்டும் வகுப்புக்குப் போக ஏலாது" என்பார் அவர்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் மாணவர்களிடம் ஒரு கட்டுரை கேட்டார். வகுப்பறையில் நவீன சாதனங்கள் பற்றி, நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்களின் கருத்து என்ன? மற்றவர்கள் எட்டுப் பக்கம், பத்துப் பக்கம் எழுதினார்கள். பரிமளம் ஒரு பக்கம்தான் எழுதினாள். தில்லைநாதன் அதை வகுப்பிலேயே உரக்க வாசித்தார்.

"இயந்திரத்துக்கு இருட்டு வேண்டும். எனக்குப் பிள்ளைகளின் முகம் வேண்டும். முகம் தெரியாவிட்டால் யாருக்கு விளங்கியது, யார் அழுகிறார் என்று எனக்குத் தெரியாது. இயந்திரம் பழுதானால் நான் அதைப் பார்ப்பேனா, பிள்ளைகளைப் பார்ப்பேனா என்றும் தெரியாது. ஆனாலும் எங்கள் தீவுகளில் ஆறு இல்லை. நானே ஆறு பார்த்ததில்லை. வெறும் சொல்லால் எவ்வளவு காட்டலாம்? ஆகவே சாதனம் வேண்டும் என்றே நினைக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை."

வகுப்பு சிரித்தது. பரிமளம் மேசையின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயம் ஒரு கருத்தில்லைப் பிள்ளை" என்றார் தில்லைநாதன். கோபமாகச் சொல்லவில்லை. "நெடுந்தீவுக்குப் பயிற்சிக் கற்பித்தலுக்குப் போறது நீரும் கிறேசும் தானே? புறொஜெக்டரை நீரே கொண்டு போம். 'ஆற்றின் பயணம்' எண்டு ஒரு படச்சுருள் இருக்கு. கடைசிக் கிழமை நான் வந்து பாக்கிறன்."

கூடப் படித்த கிறேஸ் அல்லைப்பிட்டிக்காரி. தகப்பன் அம்புறோஸ் கடற்றொழில் செய்பவர். ஆறு வயதிலேயே வள்ளத்தில் ஏறித் திரிந்தவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. குறிகட்டுவான் துறையில் இருந்து போகும்போது தென்மேற்குச் சோழகக் காற்றுக்கு லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் கடலை தின்றுகொண்டு வந்தாள். பரிமளம் புறொஜெக்டர்ப் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

"பெட்டியைக் கீழை வையுமப்பா. அது நீந்தாட்டியும் நான் நீந்துவன்" என்றாள் கிறேஸ்.

நெடுந்தீவில் அவர்களுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய ஒரு நீள மண்டபம். கூரை பனையோலை. ஒரு தலைப்பை அடைத்துப் பரிமளத்தின் மூன்றாம் வகுப்பை வைத்திருந்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முற்றத்துப் பக்கம் ஒரு கதவு, கிணற்றுப் பக்கம் ஒரு கதவு, இரண்டு ஜன்னல். பரிமளம் முதல் நாள் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தாள். காய்ந்த ஓலை. ஜன்னலுக்குச் சாக்குக் கட்டி, கதவைச் சாத்தி, அதற்குள் நெருப்புக் கொளுத்திப் படம் காட்டவேண்டும்.

அன்று தொடக்கம் அவள் ஒரு காரியம் செய்தாள். பாடம் முடிந்ததும் பிள்ளைகளை வாங்கில்களில் இருத்திக் கண்ணை மூடச் சொல்வாள். கைமணியை அடிப்பாள். மணி கேட்டதும் முன்னால் நிற்கிற பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், வரிசையாகக் கிணற்றுப் பக்கக் கதவால் வெளியே போகவேண்டும். கதவுக்குக் கிட்ட இருக்கும் உயரமான பெட்டை சறோஜினிதேவிதான் கொண்டியை இழுக்கவேண்டும். கிணற்றடியில் நின்ற பூவரசுக்குக் கீழே போய் நின்று எண்ணவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம் இந்தப் பழக்கம் நடந்தது. பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகப் போய்விட்டது.

பக்கத்து வகுப்பில் படிப்பித்த கிறேசுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீர் ஆறு காட்டப் போறீரோ, ஓடப் பழக்கப் போறீரோ? ஏன் மணி? வாயாலை சொன்னால் போகாதுகளோ?"

"எனக்குப் பயம் வந்தால் சத்தம் வராது கிறேஸ். அது எனக்குத் தெரியும்."

தில்லைநாதன் வந்த நாள் வியாழக்கிழமை. காலை லோஞ்சில் வந்தார், இரண்டு மணி லோஞ்சில் திரும்பவேண்டும். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பரிமளம் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, சுவரின் முன்னால் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தாள். கிணற்றுப் பக்கக் கதவைச் சாத்தியிருந்தாள், கொண்டி போடவில்லை. காற்று அதைத் திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தரமும் வெளிச்சம் வேட்டியில் பாய்ந்தது.

"இப்பிடி வெளிச்சம் வந்தால் படம் தெரியாது."

"சேர், அதைப் பூட்டாமல் விடுவம். ஓலைக் கூரை..."

"பரிமளம், பத்து வருஷமாய் நான் இதைக் கொளுத்திறன்." அவரே போய்க் கொண்டியைத் தள்ளினார். உப்புக் காற்றில் துருவேறிய கொண்டி கிறீச்சிட்டு உள்ளே போனது. அந்தச் சத்தம் பரிமளத்தின் பல்லுக்குள் இறங்கியது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

விளக்கின் குழாயைச் சூடாக்க ஸ்பிரிட்டு ஊற்றிக் கொளுத்தவேண்டும். அது எரிந்து முடியும்வரை பம்ப் அடிக்கக்கூடாது. இல்லாவிட்டால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீறிடும். அன்று கதவிடுக்கால் வந்த காற்றில் ஸ்பிரிட்டுச் சுவாலை அங்கும் இங்கும் ஆடியது. குழாய் சரியாகச் சூடேறவில்லை என்று பரிமளத்துக்குத் தோன்றியது. தில்லைநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"காணும், காணும், சூடேறிட்டுது. அடியும்."

அவள் அடித்தாள். மென்டில் மஞ்சளாகப் பிடித்து, பிறகு கொஞ்சம் வெளுத்தது. வேட்டியில் ஒரு மலை எழுந்தது. முப்பத்தெட்டு வாயும் ஒன்றாக "ஆ" என்றன. அடுத்த படத்தில் பாறையிடுக்கில் நூல் போலத் தண்ணீர். அதற்கடுத்ததில் அது வாய்க்கால் அளவு. பரிமளம் விளக்கம் சொல்லத் தொடங்கினாள். குரல் நடுங்கினாலும் வந்தது. இருட்டில் பிள்ளைகளின் முகம் ஒன்றும் தெரியவில்லை. விளக்கின் இரைச்சல் மாறிக்கொண்டு வருவதை அவள் காது பிடித்தது. திருகினாள். ஆறாவது படம் நீர்வீழ்ச்சி.

புறொஜெக்டரின் புகைபோக்கியால் ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு எழும்பியது. கொதித்த எண்ணெய் சிதறி ஜன்னல் சாக்கில் பட்டது. சாக்குப் பற்றியது. அதன் மேல்நுனியிலிருந்து கூரை ஓலைக்கு இரண்டு சாண் தூரம்தான். முற்றத்துக் கதவும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

பரிமளம் கத்த நினைத்தாள். சத்தம் வரவில்லை. கை மட்டும் மேசையில் தடவி மணியைப் பிடித்தது. அடித்தாள்.

வாங்கில்கள் அசைந்தன. யாரும் ஓடவில்லை. சின்னக் கைகள் இருட்டில் தோள்களைத் தேடின. கதவடியில் சறோஜினிதேவி கொண்டியை இழுத்தாள். அது வரவில்லை. மேலே ஓலை சடசடத்தது. வரிசை ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கத் தொடங்கியது, ஒரு பிள்ளை "அம்மா" என்று வீரிட்டது. பரிமளம் மணியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லாம் குலைந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது. தில்லைநாதன் பிள்ளைகளின் தலைக்கு மேலால் கையை நீட்டி, கொண்டியைப் பிடித்து, ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். கதவு விரிந்தது. வெயில் உள்ளே கொட்டியது.

பூவரசுக்குக் கீழே பிள்ளைகள் தாங்களாகவே எண்ணினார்கள். முப்பத்தேழில் எண்ணிக்கை நின்றது.

இன்னொரு தரம் எண்ணினார்கள். முப்பத்தேழு.

"மனோகரி இல்லை ரீச்சர்" என்றாள் சறோஜினிதேவி.

மனோகரி வகுப்பிலேயே சின்னவள். கேள்வி கேட்டுக் கொல்லுகிறவள். பரிமளம் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள். கதவால் புகை சுருண்டு வந்துகொண்டிருந்தது. போகவேண்டும் என்று அவள் முடிவு செய்ததாகப் பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே நின்றாள், அவ்வளவுதான் ஞாபகம். கூப்பிடக் குரல் இல்லை. கையில் இன்னும் மணி இருந்தது. அடித்தாள். எரிந்த ஓலைத் துண்டுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. திரும்பவும் அடித்தாள்.

வெள்ளை வேட்டி புடைத்து அசைந்தது. துணிக்கும் சுவருக்கும் இடையில் மனோகரி குந்தியிருந்தாள். பரிமளம் வேட்டியோடு சேர்த்து அவளை அள்ளிக்கொண்டு வெளியே விழுந்தாள்.

அதற்குள் கிறேஸ் தன் வகுப்பை வெளியே விட்டுவிட்டுக் கிணற்றில் நின்று வாளி வாளியாக இறைத்தாள். அயலட்டைச் சனம் நுனியில் கொக்கி கட்டிய கொக்கத்தடி கொண்டு வந்து எரிகிற ஓலையை இழுத்து விழுத்தி மண் போட்டது. கூரையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"அங்கை ஏனம்மா போனனீ?" என்று பரிமளம் கேட்டாள். குரல் அப்போதுதான் திரும்பியிருந்தது.

"தண்ணி எங்கையிருந்து வருகுதெண்டு பாக்கப் போனனான் ரீச்சர்."

பரிமளம் நிலத்தில் இருந்து அழுதாள்.

அந்த அழுகை முடிய அடுத்த பயம் வந்தது. கல்வித் திணைக்களத்துக்கு அறிக்கை எழுதவேண்டும். தில்லைநாதன் கருகிய சட்டைக் கையோடு பூவரசடியில் ஒரு கதிரையில் இருந்தார். அவருடைய ஒரு சொல்லில் அவளுடைய உத்தியோகம் தொங்கியது. அவர் இரண்டு மணி லோஞ்சை விட்டுவிட்டார்.

"என்ன எழுதப் போறீர்?"

எழுதி முடித்துக் கொடுத்தாள். ஸ்பிரிட்டு எரிந்து முடியுமுன் பம்ப் அடித்தது தன் பிழை என்று முதல் வரியில் இருந்தது. கிணற்றுப் பக்கக் கதவு கொண்டி போடப்பட்டிருந்தது என்று இரண்டாம் வரியில் இருந்தது. யார் போட்டது என்று எழுதவில்லை.

அவர் இரண்டு தரம் வாசித்தார். "அடிக்கச் சொன்னது ஆர்?"

அவள் பேனையின் மூடியைப் பூட்டினாள்.

"கொண்டி போட்டது ஆர்? எழுதும் பிள்ளை. நான் கையெழுத்து வைக்கிறன்." பிறகு அவளைப் பாராமலே சொன்னார்: "அண்டைக்கு உம்மடை கட்டுரையை வாசிச்சு எல்லாரையும் சிரிக்க வைச்சனான்."

புறொஜெக்டர் கருகிப் போயிற்று. படச்சுருளில் முதல் ஆறு படங்களும் உருகிச் சுருண்டுவிட்டன. மிச்சம் தப்பியிருந்தது. மறுநாள் காலை வகுப்பு மரத்துக்குக் கீழே நடந்தது. முதல் கேள்வியே அதுதான். "ரீச்சர், மேலையிருந்து விழுந்த தண்ணி பிறகு எங்கை போனது?"

பரிமளம் விஞ்ஞானப் பெட்டியிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தாள். கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சச் சுருளை வானத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கண்ணாடியால் பார்க்க வைத்தாள். ஒரு விரல்நகம் அளவு படத்துக்குள் ஆறு வளைந்தது, வயலுக்குள் போனது, பாலத்துக்குக் கீழே நுழைந்தது. முப்பத்தெட்டுப் பேருக்கும் காட்டி முடிக்க மத்தியானமாகிவிட்டது. பார்க்கும் பிள்ளையின் முகம் ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு கண் மூடி, மற்றக் கண் விரிந்து, வாய் தானாகத் திறப்பதை அவள் பார்த்தாள். விளங்காத பிள்ளையைத் திரும்பப் பார்க்க விட்டாள்.

கடைசிப் படத்தில் ஆறு கடலில் விழுந்தது. மனோகரி கண்ணாடியை விடவேயில்லை.

"ரீச்சர், இது எங்கடை கடலோ?"

"எல்லாம் ஒரே கடல்தானம்மா."

பயிற்சி முடிவில் அவளுக்குச் சாதாரண சித்தி என்ற வெறும் தேர்ச்சிதான் கிடைத்தது. ஒரு புறொஜெக்டரை அழித்தவளுக்கு அதற்கு மேல் யாரும் கொடுக்கமாட்டார்கள். மடத்துவெளிப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, அங்கேயே கலியாணமும் ஆயிற்று. வானொலிப் பெட்டி வந்தது, பாட்டரி போட்ட ரேப் றெக்கோடர் வந்தது. எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டு போனாள். எதையும் இருட்டில் கொண்டு போகவில்லை, எதற்காகவும் கதவைச் சாத்தவுமில்லை. கல்விக் கந்தோரில் இருந்த உத்தியோகத்தர்கள் அவளை "கதவு ரீச்சர்" என்று பகிடி பண்ணினார்கள். அவள் காதில் அது விழாமலில்லை.

எண்பத்தோராம் ஆண்டு வேலணையில் ஒரு கூட்டத்தில் கிறேசைக் கண்டாள். இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"இப்பவும் பயமோ?" என்று கேட்டாள் கிறேஸ்.

"ஓம். போன கிழமை ரெலிவிஷன் ஒண்டு கொண்டு வந்து வைச்சவை. ரெண்டு நாளாய்ச் சோறு இறங்கேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன, திங்கட்கிழமை போட்டுக் காட்டப் போறன்."