நான் பார்க்காத வெட்டுக்கத்தி

எஸ்.ஐ. தேர்வுக்கு நான் தயாராகத் தொடங்கியது கல்லூரி முடித்த வருடம். காலையில் குழித்துறை ஆற்றை ஒட்டிய மைதானத்தில் ஓடுவேன். ஓட்டம் வந்துவிடும், நீளம் தாண்டுவதுதான் வராது. அப்பா இல்லை. அம்மா முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப்பேச்சில் அண்டியாபீஸில், கொட்டை உடைக்கிறாள்.

எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் ஏட்டையா ஒருவர் அந்த மைதானத்துக்கு நடக்க வருவார். நான் படிப்பது தெரிந்ததும் பழைய வினாத்தாள்கள் கொண்டுவந்து தந்தார். 'மோளே' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

ஒருநாள் மத்தியானம் போன் செய்தார். "ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ. நாளைக்கு நீ இருக்கப்போற எடம்தானே."

சுடிதாரை இஸ்திரி போட்டு உடுத்துக்கொண்டு போனேன். உள்ளே சுவரோரம் தரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர். அவர் மனைவி அண்டியாபீஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். அவருடைய உதடு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தலை குனிந்துகொண்டார். மேசைமேல், செய்தித்தாளில், ஒரு வெட்டுக்கத்தி.

ஏட்டையா ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். "இதில ஒரு ஒப்பு போடு. இன்னொரு சாட்சி போட்டாச்சு."

வாசித்தேன். ஒருவரை வெட்டிவிட்டு ஒளித்துவைத்த அந்தக் கத்தியை வாழைத்தோட்டத்திலிருந்து, தரையில் இருந்தவரே எடுத்துக் கொடுத்ததாகவும், நான் அதை நேரில் பார்த்ததாகவும் எழுதியிருந்தது.

"நான் பாக்கல்லியே சார்."

"யாருதான் பாத்தா? சும்மா ஒரு சடங்கு, கேட்டியா."

"அப்பம் அந்த எடத்தக் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

சிரித்தார். நான் பேனாவை எடுக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "உனக்கு வேலை கெடச்சா, ஆளு எப்படின்னு விசாரிக்க ஆரு வருவா தெரியுமா? இந்த ஸ்டேஷன்தான். போ மோளே, போய் ஓடு."

அம்மாவிடம் சொன்னேன். "செஞ்சது சரிதான். வெளிய சொல்லாண்டாம்" என்றாள்.

ஆனால் நான் ஸ்டேஷனுக்குள் போனதை யாரோ பார்த்திருந்தார்கள். அண்டியாபீஸில் அந்த அக்கா அம்மாவை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். ஒரு சாயங்காலம் எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள். அம்மா கூப்பிட்டும் உள்ளே ஏறவில்லை.

"உனக்க மவதான் எனக்க மாப்பிளைக்கு எதிரா ஒப்பு போட்டாளாம்."

நான் வெளியே வந்தேன். "போடல்ல எக்கா. மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

என்னையே பார்த்தாள். "இதக் கோர்ட்டில வந்து சொல்லுவியா?"

பின்னாலிருந்து அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"சொல்லுவேன்" என்றேன்.

அந்த அக்காவோடு அவர்களுடைய வக்கீலைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "நீ போலீஸ் வேலைக்குத்தானே போகப்போற? நல்லா யோசிச்சியா?" என்றார். யோசித்தாயிற்று என்றேன். உண்மையில், யோசித்தால் மாறிவிடுவேனோ என்று பயந்துதான் அன்றைக்கே போயிருந்தேன்.

மறுநாளிலிருந்து ஏட்டையா நடக்கவில்லை. மைதானத்து வாசலில் பைக்கில் உட்கார்ந்திருப்பார். நான் ஓடி முடிக்கும்வரை பார்ப்பார், பிறகு போய்விடுவார். ஒரு தடவை மட்டும் கேட்டார். "வக்கீலப் பாத்தியாமே, மோளே?" என்னோடு ஓடிய பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வேறு மைதானம் பார்த்துக்கொண்டார்கள். நான் தனியாக ஓடினேன். அவர் பார்க்கும்போது கால் கனக்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது.

தேர்வுக்கு விண்ணப்பிக்க அறிவிப்பு வந்தது. "அண்டியாபீஸில எடம் உண்டு. இது வேண்டாம் மக்கா" என்றாள் அம்மா. நான் பிரவுசிங் சென்டரில் போய் விண்ணப்பித்துவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் அந்த பைக் நின்றது. உள்ளே ஏட்டையா நாற்காலியில் இருந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அப்ளை பண்ணியாச்சோ? நல்லது. எழுது, ஓடு, ஜெயி. பொறவு உனக்க வெரிபிகேஷன் பேப்பர் நமக்க மேசைக்குத்தானே வரும்."

சாயா நன்றாயிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ரப்பர் வெட்டுகிற அந்த அண்ணன் ஜாமீனில் இருக்கிறார். தினமும் காலையில் அதே ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடுகிறார். எழுத்துத் தேர்வில் நான் பாஸ். அடுத்தது உடல் தேர்வு. சொன்ன சொல்லில் மாற்றமில்லை என்று வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். ரோட்டில் ஏதாவது பைக் வேகம் குறைந்தால், அம்மா கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் காதுகொடுக்கிறாள்.