முதல் முடி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். பேய் இரவில்தான் வரும் என்று யார் சொன்னது? நான் பார்த்தது உச்சி வெயிலில்.

ஐ.ஆர்.எட்டு நெல் வந்த புதிது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் பக்கம் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டேன். ஊர் என்று சொல்ல நாலே வீடு. மற்றதெல்லாம் வயல். அந்த நாலு வீட்டிலும் ஒரே பேச்சு. மூத்த தாரம் பூவம்மாள் நட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்குமாம். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. பெண் கேட்டு வந்தபோது, அவள் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார்கள். போனவளோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

நடவு நாள் வந்தது. வயலின் வடகிழக்கே, சனி மூலையில், முதல் நாற்று முடியை வீட்டுக்காரிதான் பிரித்து நட வேண்டும். என் கணவர் துரைராசு தடுத்தார்.

"மொத முடிய நீ வைக்காத. அந்த மூலை சும்மா கெடக்கட்டும்."

"ஏங்க? அவ எடத்துல நான் நிக்கக் கூடாதா?"

வீம்புக்கு இறங்கி நட்டேன்.

மதியம் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போனார்கள். என் நடவை இன்னொரு முறை பார்க்க ஆசை. நான் மட்டும் திரும்பி வந்தேன்.

சனி மூலையில் ஒருத்தி குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் செவ்வந்தி என்று நினைத்தேன்.

"கஞ்சி குடிக்கலயா?"

நான் நட்ட நாற்றெல்லாம் பிடுங்கப்பட்டு வரப்போரம் மிதந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாருடி நீ?"

சளக்... சளக்...

நடுகிறவர்கள் பின்னோக்கித்தானே நகர்வார்கள்? அவளும் நகர்ந்தாள். முகம் காட்டாமல், முதுகைக் காட்டிக்கொண்டே என்னை நோக்கி வந்தாள். அவள் காலைச் சுற்றித் தண்ணீர் அசையவில்லை.

சளக்...

இன்னும் ஒரே எட்டு...

"என் மூலை" என்றாள்.

செவ்வந்தி என் தோளை உலுக்கியபோது வயலில் யாருமில்லை. மூலையில் நாற்று மட்டும் நூல் பிடித்த மாதிரி நின்றது. நான் உளறியதைக் கேட்டு அவள் முகம் வெளிறிவிட்டது.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல சாவித்திரி. குத்தகைத் தகராறுல மிராசுதார் வெளியூர் ஆளுங்கள நடவுக்கு எறக்குனாரு. 'இந்த மூலையில வேற எவ கையும் படக் கூடாது'ன்னு பூவம்மா குறுக்க நின்னா. மண்டையில அடி விழுந்துச்சு. கையில புடிச்ச நாத்து முடியோடவே போயிட்டா."

வெளியூர்க்காரிகளுக்குச் சொன்ன சொல் அது. நானும் வெளியூர்க்காரிதானே?

தை பிறந்தது. வயல் முழுக்க ஐ.ஆர்.எட்டு குட்டையாக விளைந்திருந்தது. சனி மூலையில் மட்டும் நெல் என் நெஞ்சு உயரம். சிவந்த கதிர். குடவாழை, பழைய நாட்டு நெல் என்றார்கள். பூவம்மாள் செத்த வருடம் வைத்த நெல். அதற்குப் பிறகு அந்த விதை நாலு வீட்டில் எந்த வீட்டிலும் இல்லை.

அதை அறுக்கக் கணவர் விடவில்லை. பக்கத்தில் நின்று தடவிக் கொடுத்தார். காற்றே இல்லை... கதிர்கள் அவர் கைப்பக்கம் சாய்ந்தன.

என்னை அவர் ஒரு நாளும் அப்படித் தொட்டதில்லை.