ஆறு செடிக் கணக்கு

பதுளைப் பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. பின்னத்தைக் கண்டுபிடித்ததே நான்தான் என்ற நினைப்பில் திரிந்தேன். விடுமுறைக்கு லுணுகலைப் பக்கம் சித்தி இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது, யாருக்காவது சொல்லிக்கொடுக்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நல்லவேளை, ஆள் அகப்பட்டான்.

சித்தியின் மகன், ஒன்பது வயது. விடுமுறை முடிந்ததும் எங்கள் பெரிய வாத்தியார் அவனைச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. தேறினால் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கலாம். தேறாவிட்டால் புல்லு வெட்டத்தான் போகவேண்டும். ஆட்களை மேய்க்கும் கங்காணி அவனை வேலைக்கு அனுப்பச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

சித்தப்பா திருச்சிப் பக்கத்து வாய்ப்பாட்டை அவனுக்குப் பாடமாக்கி வைத்திருந்தார். அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் தலைகீழாகச் சொல்வான். வில்லங்கம் என்னவென்றால், அதில் மூன்றில் ஒன்றுக்குப் பேரே இல்லை. பேர் இல்லாத ஒன்று இருக்கும் என்று அவன் நம்பத் தயாராக இல்லை. அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு என்றால், மூன்றில் ஒன்றுக்குப் பதில் பக்கத்தில் பேர் உள்ளதாகப் பார்த்துக் காலே அரைக்காலைக் கூட்டி, "முக்காலே அரைக்கால்" என்று முடித்துவிடுவான்.

நான் சிலேட்டில் கீழ் எண்களைப் பெருக்கினேன், குறுக்கே கோடு போட்டேன். புரிந்ததா என்றால் உடனே தலையாட்டுவான். கேள்வி கேட்பதென்றால் அவனுக்கு உயிர் போய்விடும்.

கேட்டதெல்லாம் அவனுடைய அக்காதான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் கூடையை இறக்கி வைத்து எங்களருகே உட்கார்ந்துகொள்வாள். அவளை யாரும் படிக்கச் சொல்லவில்லை.

"எனக்கு மண்டையில ஏறல வாத்தியாரே. ஒரு நிரையில ஆறு செடின்னு வச்சுக்க. பாதிய நான் எடுத்துட்டேன். மூணுல ஒரு பங்கு அம்மா எடுத்துட்டாங்க. மொத்தம் எத்தன?"

"அஞ்சு. இதுகூடத் தெரியாதா?"

"நாலு செடின்னு வச்சா ஏன் வர மாட்டேங்குது?"

"நாலை மூணாப் பிரிக்க முடியாதே!"

"அப்படியா," என்பாள். சின்னவன் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான். மறுநாள் அதே கேள்வி, பன்னிரண்டு செடியோடு வரும். பாடம் கெடுகிறதென்று சித்தியிடம் கோள் சொன்னேன். சித்தி அவளைத் தண்ணீருக்கு அனுப்பினாள். குடத்தோடு திரும்பியவள் வாசலில் நின்றபடியே, பன்னிரண்டு செடியில் கால்வாசியும் மூன்றில் ஒன்றும் சேர்த்தால் எத்தனை என்றாள்.

சோதனை நாளில் பெரிய வாத்தியார் அரையையும் மூன்றில் ஒன்றையும்தான் முதலில் கேட்டார். சின்னவன் கண்ணை மூடினான். விரல்கள் காற்றில் கொழுந்து கிள்ளின.

"ஆறுல அஞ்சுங்க."

எப்படி என்றார் அவர்.

"ஆறு செடிங்க. அக்கா மூணு, அம்மா ரெண்டு."

அவர் சிரித்துவிட்டார். இன்னும் இரண்டு கேட்டுவிட்டு, சேர்த்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்த குறுக்குக் கோட்டைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அவனுடைய துணிமணிகளை எடுக்கத் தோட்டத்துக்குப் போனபோது வரிசை வீடுகளான லயமே என்னைக் கொண்டாடியது. மறுநாள் காலை அக்கா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. அடுத்த விடுமுறைக்கு வந்து, அவளுக்குப் புரிகிற வரைக்கும் பொறுமையாகச் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

"சரிங்க வாத்தியாரே," என்று கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

இவளுக்கு எப்படித்தான் இதைப் புரியவைப்பது என்று பதுளை வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.