பேர் வெட்டிய பாத்திரம்

அடிப்பிடித்த பால் பாத்திரத்தை வரைவது எளிதல்ல. கறுப்பு என்று நினைத்து உட்கார்ந்தால் அதில் கறுப்பே இல்லை; பழுப்பும், விளிம்பில் கொஞ்சம் நீலமும், காய்ந்த பாலாடையின் மஞ்சளும்தான். அந்த நீலம் காலை வெயில் சமையல் மேடைக்கு வரும் சிறிது நேரம் மட்டுமே தெரியும். அப்போது பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்டெய்னர் லாரி வந்து நின்றால் அன்றைய வேலை போயிற்று. கம்பெனிகள் சூழ்ந்த எங்கள் மண்ணூரில் லாரி நிற்காத காலை ஏது?

லாரியையாவது பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் பார்த்தால் பாத்திரம் பளபளவென்று கவிழ்ந்திருந்தது. மனைவி தேய்த்துவிட்டாள்.

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"தீஞ்ச பாத்திரத்த எவளாவது மேடையில வெச்சிக்கினு இருப்பாளா? யாராச்சும் வந்தா இன்னா நெனப்பாங்க?"

மறுபடி பால் ஊற்றி, வேண்டுமென்றே கருகவிட்டேன். வீடெல்லாம் நாற்றம். "ரிடையர் ஆன வாத்தியார் பண்ற வேலையா இது?" என்று இருமிக்கொண்டே மின்விசிறியைப் போட்டாள். கருகல் இம்முறை வேறு மாதிரி பிடித்திருந்தது. வரைந்ததைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். வரையாத நேரத்தில் பாத்திரத்தைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தேன். எறும்பு வந்தது. அதற்கும் ஒரு சண்டை.

படம் முடியும் தறுவாயில் வந்து பார்த்தாள். அது அவளுடைய கல்யாணச் சீர்ப் பாத்திரம். விளிம்புக்குக் கீழே அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதையும் ஒரு புள்ளி விடாமல் வரைந்திருந்தேன்.

"பேர மட்டும் எடுத்துடுங்க. திருவிழாவுக்குக் கோயில் ஹால்ல மாட்டப்போறீங்க. அங்க அத்தினி பேரும் என்னைத் தெரிஞ்சவங்க."

"இருக்கிறதைத்தான் வரைய முடியும்," என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில்.

எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாக் கண்காட்சியில் பெண்கள் படத்தின் முன் கூடி, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அவர்களுடைய மகளிர் குழுவுக்கு என் மனைவிதான் தலைவி. கம்பெனி வேலைக்குப் போகும் ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்: "இன்னாக்கா, பாத்திரம் தேய்க்க ஆள் இல்லியா? எங்க கம்பெனி லைன்ல ரெண்டு பொண்ணுங்க ஓ.டி. இல்லாம சும்மா கீதுங்க, அனுப்பட்டா?"

ஹாலே சிரித்தது. இவளும் சிரித்தாள். பிறகு பின்வரிசை நாற்காலியில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். நான் பார்த்தேன். பார்த்தும் போகவில்லை. யாரோ அந்தப் புள்ளிகளின் நுணுக்கத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தார், நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டேன். பெயரின் மேல் வண்ணம் பூசி மறைத்துவிடுவதாகச் சொன்னேன். "செய்யுங்க," என்றாள்.

பழுப்பைக் குழைக்கிறேன். தூரிகையைப் பெயரருகே கொண்டுபோகிறேன். கீழே வைத்துவிடுகிறேன். நான் வரைந்ததிலேயே உருப்படியாக வந்தவை அந்தப் புள்ளிகள்தான்.

"அழிச்சாச்சா?" என்று காப்பி கொண்டுவரும்போது கேட்கிறாள்.

"அடி வண்ணம் இன்னும் காயலை," என்கிறேன். அது என்றோ காய்ந்துவிட்டது.