உளுந்துச் செடிமேல் ஒரு சிவப்புக் கோடு

ஒரத்தநாடு தாண்டிய கிளைச்சாலை. என் மனைவி மல்லிகாவின் மடியில் மடித்த துண்டு, அதன்மேல் எங்கள் பழைய லேப்டாப். பேட்டரி செத்துவிட்டது; கார் சார்ஜரில்தான் உயிர். கண்ணாடியோரம் ஜிபிஎஸ் கருவி ஒட்டியிருக்கிறது; லேப்டாப்பில் நான் மல்லுக்கட்டி ஏற்றிய வரைபடத்தில் எங்கள் வண்டி சிவப்புக் கோடு இழுத்தபடி நகர்கிறது.

வழியெங்கும் அறுத்த உளுந்துச் செடியைப் பரப்பியிருக்கிறார்கள். பாழாகிவிடுமே என்று பிரேக் போடுகிறேன். ஓரத்தில் நிற்கும் பெண் கையசைக்கிறார்.

"மேல ஏத்தி ஓட்டுங்கண்ணே. சக்கரம் பட்டாத்தான் உளுந்து உதிரும். காலையிலேர்ந்து ஒரு வண்டியும் வரல, மழை வேற இருட்டிக்கிட்டு வருது."

ஏற்றுகிறேன். காய்கள் நொறுங்குகின்றன. "ரிவர்ஸ் எடுங்க" என்கிறாள் மல்லிகா. போகிறேன், வருகிறேன், மறுபடியும் போகிறேன். அந்தப் பெண் செடியைப் புரட்டிப் புரட்டிப் போடுகிறார். தூறல் விழும்போது உளுந்து தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருக்கிறது.

அந்தப் பெண் ஜன்னலில் குனிந்து திரையைப் பார்க்கிறார். "இதுல எங்க ஊரு இருக்கா?"

பழைய வரைபடம். அங்கே ஊரும் இல்லை, சாலையும் இல்லை. மல்லிகா திரையை அவர் பக்கம் திருப்புகிறாள்.

"பாருங்க, தஞ்சாவூர்லேர்ந்து மெல்லிசா வர்ற கோடு, நாங்க போயிப் போயி வந்த உங்க இடத்துல மட்டும் தடிச்சிருக்கு."

அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அந்த இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறார்.