விசில் ஊத ஆள் இல்லை

ஏழாவது வரைதான் படித்தேன். பெங்களூர் பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினேன். கம்பெனி டீமில் வாலிபால் ஆடினேன். ரூல்ஸ் எல்லாம் ஆடித் தெரிந்துகொண்டதுதான். முட்டி போனதும் ஆடுவதை விட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு பி.டி. மாஸ்டர் குடியிருந்தார். பக்கத்து ஹைஸ்கூலில் வேலை. கன்னடக்காரர், என்னிடம் தமிழும் கலந்து பேசுவார். ஒரு சனிக்கிழமை வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூட மேட்ச், ரெஃப்ரீ வரவில்லை. "ஒந்தே மேட்ச், அண்ணா" என்றார். ஒரே ஒரு மேட்ச். அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் ஊதினேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் விசில் ஊத நாலைந்து பேர் இருந்தோம். ஒருவருக்கு மேட்ச் முடிந்து வெளியே வரும்போது கல்லடி விழுந்தது. அதோடு நின்றுவிட்டார். ஒருவர் செக்யூரிட்டி வேலைக்குப் போனார், ஞாயிறு லீவு கிடையாது. இன்னொருவர் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டார். வெயிலில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்கி, கடைசியில் ஒரு டீயைக் குடித்துவிட்டு பஸ் பிடிக்கிற வேலைக்குப் புதிதாக யார் வருவார்கள்? கடைசியில் நான் ஒருவன்தான் மிச்சம். என் மனைவி சொல்வாள், "கம்பெனியில மிஷின் சத்தம், சனி ஞாயிறுல விசில் சத்தம். வீட்ல வந்து எங்க பேச்ச எப்பக் கேப்ப?"

என் மகள் அந்த மாஸ்டரின் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். சின்ன வயதிலிருந்தே என்னோடு மேட்சுக்கு வந்து ஆட்டம் கற்றுக்கொண்டாள். பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர். நல்ல கை. அவள் ஆடுகிற மேட்சுக்கு மட்டும் நான் ஊத மாட்டேன். மாஸ்டர் எங்கிருந்தாவது ஆள் பிடித்து வருவார்.

பத்தாவதில் அவள் டீம் ஏரியா ஃபைனலுக்கு வந்தது. அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார் என்றார்கள். அவருக்குப் பிடித்தால் ஹாஸ்டலில் இடம், அங்கேயே காலேஜ் படிப்பு. மகள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சு இல்லை.

ஞாயிறு காலை நான் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக கிரவுண்டுக்குப் போனேன். அன்றைக்கு நான் வெறும் அப்பா. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

ரெஃப்ரீ பொம்மசந்திராவிலிருந்து வர வேண்டும். வரவில்லை. மாஸ்டர் பூத்துக்குப் போய் அவருடைய கம்பெனிக்குப் போன் போட்டார். ஓவர்டைமில் நிறுத்திவிட்டார்கள், இன்றைக்கு விட மாட்டார்கள் என்று கேட்டில் சொல்லிவிட்டார்களாம். பொம்மசந்திரா ஊருக்கு அந்தக் கோடி. விட்டாலும் வந்து சேர மதியமாகிவிடும்.

ஆளுக்கு ஒரு செட் என்று இரண்டு பள்ளிக்கூட மாஸ்டர்களே ஊதுவது ஒரு வழக்கம். செமி ஃபைனலில் அப்படித்தான் செய்தார்கள். அது சட்டையைப் பிடிப்பதில் முடிந்தது. இனி அந்த வழக்கம் கூடாது என்று நடத்துகிறவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மேட்ச் நடக்காவிட்டால் இரண்டு டீமும் அவுட். டிஸ்ட்ரிக்டுக்கு வேறு ஏரியா டீம் போகும்.

மாஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். விசிலை நீட்டினார்.

எதிர் பள்ளிக்கூடத்து மேடம் மரியாதையாகத்தான் பேசினார். என்னை அவருக்குத் தெரியும், நான் ஒழுங்காக ஊதுவேன் என்றும் தெரியும். ஆனால் அப்பா மேலே நிற்க, மகள் கீழே ஆடினால் தன் பிள்ளைகளின் வீட்டுக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் சரியாக ஊதுவேன் என்பது எனக்குத் தெரியும். வெளியே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

மகளிடம் போனேன். விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெஃப்ரீ வரல."

"தெரியும்."

"நான் ஏறுனா நீ உக்காரணும்."

"வேற யாருமே இல்லியா?"

"இல்ல."

அவள் தன் டீம் பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒட்டிக்கொண்டு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

"சரி. ஏறுப்பா."

வகுப்பறை மேஜை ஒன்றைக் கொண்டுவந்து வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். ஏறி நின்றேன். முட்டி வலித்தது.

மகளுக்குப் பதில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இறங்கினாள். அவள் தூக்கிக் கொடுத்த பந்து பாதிக்குப் பாதி டபுள் டச், கையில் இரண்டு தடவை பட்ட தப்பு. ஒவ்வொரு தடவையும் ஊதினேன். ஊதாமல் விட்டால் மகளை உட்கார வைத்ததற்கு அர்த்தம் இல்லை. நாலைந்து தடவை ஆனதும் எங்கள் பக்கத்து அப்பா ஒருவர் கத்தினார். "உம் பொண்ணு ஆடலன்னா எங்க பொண்ணுங்களும் தோக்கணுமா?" அந்தப் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். "சும்மா இரு குரு, ரெஃப்ரீக்கு வீட்ல சோறு கிடைக்காது."

நான் பெஞ்சுப் பக்கம் பார்க்கவில்லை. மகள் குரல் மட்டும் கேட்டது. "கைய மேல வை, பயப்படாத" என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் செட் போனது, இரண்டாவதை ஜெயித்தார்கள். மூன்றாவதில் தோற்றார்கள்.

ஹாஸ்டல்காரர் எதிர் டீமில் இரண்டு பிள்ளைகளிடம் பேசினார். மாஸ்டர் அவரிடம் போய் என் மகளைக் காட்டினார். அவர் நல்ல மனிதர்தான். ஆடுவதைப் பார்க்காமல் எப்படி எடுப்பது என்றார்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் தூங்கிவிட்டேன். எங்கள் ஸ்டாப்பில் அவள்தான் எழுப்பினாள். வீட்டுக்கு வந்து, தோற்றுவிட்டோம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள்.

ஹாஸ்டல் பேச்சு அதோடு நின்றது. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மாஸ்டர் வந்தார். பையன்கள் மேட்ச், ஒரே நாளில் இரண்டு கிரவுண்டு. ஒன்றுக்கு நான். இன்னொன்றுக்கு என் மகளை அனுப்ப முடியுமா என்று கேட்டார். ரூல்ஸ் எல்லாம் தெரிந்த பிள்ளை, இப்போது ஆட்டமும் இல்லை என்றார். கெட்ட எண்ணம் இல்லை. அவருக்கும் ஆள் இல்லை.

மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் புரட்டுகிற சத்தம் நின்றது.

"அவ வரமாட்டா மாஸ்டர்" என்றேன்.

"ஒரு தடவ அவளக் கேட்டுப் பாருங்களேன்."

"அன்னிக்கு கிரவுண்டுல ஒரு தடவ கேட்டாச்சு. மறுபடி கேக்க மாட்டேன். ரெண்டு கிரவுண்டுக்கும் நானே வரேன். ஒண்ணக் காலையில வைங்க, ஒண்ண மதியம் வைங்க."

மாஸ்டர் தலையாட்டிவிட்டுப் போனார்.